காற்றாலைப் பணியாளர் இருவர்: கொழுப்பளவைக் கொண்டு உடல்திறனைக் கணித்த முடிவு குறித்த நிகழ்வு ஆய்வு

பணியும் முகாமும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம், ராதாபுரம் என்று விரிந்து கிடக்கும் பொட்டல் வெளியில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிக் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வைகாசி பிறந்ததும் தொடங்கும் காற்றுக் காலத்தில் ஓர் ஆலை ஒரு நாள் நின்றாலும் இழப்பு பெரிது என்பதால், பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி அதற்கு முந்திய மாசி, பங்குனி, சித்திரை மாதங்களிலேயே முடிக்கப்படுகிறது. அப்போதுதான் வெயிலும் உச்சத்தில் இருக்கும். இரும்புக் கோபுரத்தின் உட்புறம் காற்றோட்டமின்றிக் கொதிக்கும். தொடக்க காலத்தில் இங்கு நடப்பட்ட சிறிய ஆலைகளின் கோபுரங்கள் 30 மீட்டர் அளவில் நின்றன. இப்போதைய கோபுரங்கள் 80 மீட்டரையும், சில 100 மீட்டரையும் தாண்டுகின்றன. மின்தூக்கி இல்லாத கோபுரத்தில் உள்ளே பதித்த செங்குத்து ஏணியே வழி. ஆகவே ‘இவர் ஏறலாமா’ என்ற கேள்வி, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இருந்ததைவிட இன்று மிகவும் கடுமையான கேள்வியாகியிருக்கிறது.

இப்பகுதியில் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துள்ள ஒரு நிறுவனம் தன் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகிறது. அண்மைய முகாமில் புதிய முறை ஒன்று புகுத்தப்பட்டது. பணியாளர் வெறுங்காலுடன் ஏறி நிற்கும் எடைக்கருவி உடல் கொழுப்பின் சதவீதத்தைக் காட்டும். அந்தச் சதவீதத்துடன் வயதையும், உடற்பயிற்சி குறித்த ஒரு கேள்விக்கான பதிலையும் சேர்த்து, மென்பொருள் அவருடைய அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டை, அதாவது உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவை, கணித்துச் சொல்லும். ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டர் என்பது எல்லையாக வைக்கப்பட்டது. எல்லைக்குக் கீழே வந்தவர்களின் தாளில் ‘உயரப் பணிக்குத் தகுதியில்லை’ என்று அச்சாகியது.

இந்த முடிவுகளில் இரண்டு மறுஆய்வுக்காக மருத்துவரான என்னிடம் வந்தன. ஒன்று, பன்னிரண்டு ஆண்டுகள் ஏணியில் ஏறிப் பழகிய 34 வயதுப் பணியாளர் தகுதியற்றவர் ஆக்கப்பட்டது. மற்றொன்று நேர்மாறானது: 42.8 என்ற மதிப்புடன் தேர்ச்சி பெற்ற 29 வயது இளைஞர், முகாம் முடிந்த மறு வாரமே பாதி ஏணியில் மூச்சுத் திணறி, உடன் ஏறியவரின் உதவியோடு இறக்கப்பட்டார். இருவரின் சம்மதத்தோடும், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியும் இங்கே எழுதுகிறேன்.

முதலாமவர்

உயரம் 172 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ, 27.7. இந்தியர்களுக்கென 2009இல் வகுக்கப்பட்ட ஒருமித்த வழிகாட்டுதலின்படி 23க்கு மேல் மிகை எடை, 25க்கு மேல் உடல் பருமன். அந்த அளவில் இவர் பருமன் உடையவர். முகாமின் கருவி 27 சதவீதக் கொழுப்பு என்றது. மென்பொருள் 33.2 என்று கணித்தது. எல்லைக்கு இரண்டு புள்ளி குறைவு.

நேரில் பார்த்தவுடன் தெரிந்தது வேறு. தோளும் தொடையும் திரண்ட உடல். இடுப்புச் சுற்றளவு 88 சென்டிமீட்டர். ஆண்களுக்கு எச்சரிக்கை எல்லை 90. கைப்பிடி வலிமை 52 கிலோ. ஓய்வு நாடித்துடிப்பு 58. இரத்த அழுத்தம், இதய மின்வரைபடம், வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாமே இயல்பு. இவர் ஊர்க் கபடி அணியில் ஆடுபவர். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளில் பயிற்சி. முகாமின் படிவத்தில் ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது ஏன் என்று கேட்டேன். “கபடி ஆடுவேன் டாக்டர், ஆனா எக்சர்சைஸுன்னு தனியா ஒண்ணும் செய்யதில்லயே. ஜிம்முக்குப் போறியான்னுதான் கேட்டாவ” என்றார். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. கேள்விதான் அவர் வாழ்க்கையை அறியாத இடத்திலிருந்து வந்திருக்கிறது.

தோல்மடிப்பை நான்கு இடங்களில் காலிபர் என்ற இடுக்கிக் கருவியால் அளந்தோம்: மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பின் மேற்பகுதி. கூட்டுத்தொகை 44 மில்லிமீட்டர். டர்னின், வோமர்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட சமன்பாட்டின் வழியே உடலின் அடர்த்தியையும், அதிலிருந்து சிரி என்ற ஆய்வாளரின் சமன்பாட்டின் வழியே கொழுப்பின் அளவையும் கணித்தபோது 20.2 சதவீதம் வந்தது. 82 கிலோவில் கொழுப்பு ஏறத்தாழ 16.5 கிலோ, மீதி 65.5 கிலோ தசை, எலும்பு, நீர், உள்ளுறுப்புகள். இந்த உயரத்துக்கு இது நல்ல தசை வளம்.

பிஎம்ஐ இந்த வேறுபாட்டைக் காட்டாததில் வியப்பில்லை. பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்டலே 1830களில் மக்கள் தொகையின் சராசரியை ஆராய உருவாக்கிய விகிதம் அது. 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோதும் மக்கள் கூட்டங்களை ஒப்பிடும் கருவியாகவே பரிந்துரைத்தார். தனி மனிதனின் உடலுக்குள் எது தசை, எது கொழுப்பு என்று பிரித்துச் சொல்வது அதன் வேலையே அல்ல.

சூத்திரம் எதைக் கேட்கிறது

முகாமின் மென்பொருள் பயன்படுத்தியது ஜாக்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட சூத்திரம். ஹூஸ்டன் நகரில் உள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துப் பணியாளர்களை ஓடுபட்டையில் ஓடவைத்து, ஆக்சிஜன் பயன்பாட்டை அளந்து, பின்னர் ஓடவைக்காமலேயே அதை மதிப்பிட முடியுமா என்று ஆராய்ந்ததன் பயன் அது. பணியிட நலத்துக்காகவே பிறந்த சூத்திரம் என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதன் கொழுப்பு வடிவம் இதுதான்: 50.513இல் தொடங்கி, உடலுழைப்புப் புள்ளியை 1.589ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும், வயதை 0.289ஆலும், கொழுப்புச் சதவீதத்தை 0.552ஆலும் பெருக்கிக் கழிக்க வேண்டும், ஆணாயின் 5.863 கூட்ட வேண்டும். உடலுழைப்புப் புள்ளி 0 முதல் 7 வரை. எதுவும் செய்யாதவருக்கு 0 அல்லது 1. வாரத்தில் ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் வரை கடுமையாக உழைத்து வியர்ப்பவருக்கு 6.

முதலாமவருக்கு முகாம் கொடுத்தது 27 சதவீதமும் 1 புள்ளியும், விடை 33.2. நாங்கள் அளந்த 20.2 சதவீதத்தையும், கபடிக்குரிய 6 புள்ளியையும் அதே சூத்திரத்தில் இட்டால் விடை 44.9. ஒரே மனிதர், ஒரே சூத்திரம், 11.7 புள்ளி வேறுபாடு. இந்த 11.7ஐப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று கருதுகிறேன். கொழுப்பளவைத் திருத்தியதால் ஏறியது 3.8 மட்டுமே, மீதி 7.9, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா’ என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்து வந்தது. ‘உடல் கொழுப்பை வைத்து உடல்திறனைக் கண்டுபிடிக்கும் கருவி’ என்று நிறுவனத்தார் பெருமையாகக் காட்டிய ஏற்பாட்டில், தீர்ப்பை எழுதியது கருவியல்ல. கவனமின்றி நிரப்பப்பட்ட ஒரு கட்டம்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சூத்திரத்தின் திட்டப் பிழை 5.35 என்று அதை உருவாக்கியவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அளவீடுகள் எல்லாம் செம்மையாக இருந்தாலும், மூவரில் ஒருவருக்கு உண்மை மதிப்பு கணிப்பிலிருந்து 5.35 புள்ளிக்கு மேல் விலகியிருக்கலாம் என்பது அதன் பொருள். 33.2 என்றால் ஏறத்தாழ 28இலிருந்து 38.5 வரை எங்கும் இருக்கலாம். 35 என்ற எல்லைக்கோடு அதற்குள்ளேயே கிடக்கிறது. ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையின் சராசரி உடல்திறன் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்று அறிய இது போதும். ஒருவரின் பிழைப்பை நிறுத்துவதற்குப் போதாது.

கருவி எதை அளக்கிறது

27க்கும் 20.2க்கும் இடையிலான வேறுபாடு எப்படி வந்தது? காலடியில் வைத்து அளக்கும் கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் மிக மெல்லிய மின்னோட்டத்தை ஒரு பாதத்தில் செலுத்தி மறு பாதத்தில் பெற்று, இடையில் உள்ள தடையை அளக்கிறது. கொழுப்பற்ற திசுவில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்பதால் அது மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு கடத்தாது. ஆகவே தடையிலிருந்து நீரையும், நீரிலிருந்து கொழுப்பற்ற எடையையும், மொத்த எடையிலிருந்து அதைக் கழித்துக் கொழுப்பையும் கருவி ஊகிக்கிறது. ஒவ்வொரு படியிலும் உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவை சமன்பாட்டுக்குள் நுழைகின்றன. எடைக்கு அதில் பெரும் பங்கு இருப்பதால், தசையால் கனத்த உடலைக் கொழுப்பால் கனத்ததாகவும், கொழுப்பு ஒளிந்திருக்கும் ஒல்லி உடலைக் கொழுப்பற்றதாகவும் காட்டும் சாய்வு அதற்கு இயல்பாகவே உண்டு.

இதற்கு மேல் முகாமின் சூழ்நிலை. முதலாமவர் காலை முழுவதும் வெயிலில் கேபிள் இழுத்துவிட்டு, உச்சிவேளைக்குச் சற்று முன் நேராக முகாமுக்கு வந்திருக்கிறார். உடலில் நீர் குறைந்தால் தடை கூடும். தடை கூடினால் கொழுப்பு கூடுதலாகத் தெரியும். பாதத்தில் தடித்த தோலும் குதிகாலில் பித்தவெடிப்பும் இருந்தன. வறண்ட, தடித்த தோல் மின்முனையோடு சரியாகத் தொடர்பு கொள்ளாது. அதுவும் தடையைக் கூட்டும். வேறொரு நாள் காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பிறகு, முந்தின நாள் மாலை கடும் உழைப்பு இல்லாமல், ஈரத்துணியால் பாதங்களைத் துடைத்து நிறுத்தியபோது அதே வகைக் கருவி 23 சதவீதம் காட்டியது. மின்னோட்டம் கால்கள் வழியாகவும் அடிவயிறு வழியாகவும் மட்டுமே செல்வதால், வயிற்றுப் பகுதியில் உள்ள கொழுப்பைப் பற்றிக் கருவி சொல்வது பெரும்பாலும் ஊகமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டில் முகாம்கள் வேலை நேரத்தின் நடுவில்தான் நடக்கின்றன. நாளைக் கெடுக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் கவலை. இந்தக் கருவியை முகாமில் வைக்க வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு, வேலை தொடங்கும் முன், தேநீர் கொடுக்கும் முன் வைக்க வேண்டும். அப்படி வைக்க முடியாத இடத்தில் அளவு நாடாவும் காலிபரும் பயிற்சி பெற்ற கையும் அதைவிட நம்பகமானவை.

இரண்டாமவர்

உயரம் 170 சென்டிமீட்டர், எடை 63 கிலோ, பிஎம்ஐ 21.8. எந்த அட்டவணையிலும் இயல்பு. முகாமின் கருவி 18 சதவீதம் என்றது. நடைப்பயிற்சி போவதாக அவர் சொன்னதால் 3 புள்ளி கிடைத்து, கணிப்பு 42.8 ஆனது.

தோல்மடிப்புக் கூட்டுத்தொகை 78 மில்லிமீட்டர், கொழுப்பு 24.4 சதவீதம். இடுப்பு 86 சென்டிமீட்டர். 90க்குக் கீழேதான், ஆனால் உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. கைப்பிடி வலிமை 31 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 212, எச்டிஎல் என்ற ‘நல்ல’ கொழுப்பு 34. ஒல்லியான கை கால், சற்றே முன்தள்ளிய வயிறு. தென்னிந்தியாவில் பணியாற்றும் எந்த மருத்துவரும் தினந்தோறும் காணும் உடல்வாகு இது. இதைப் பற்றி உலகறிந்த ஒப்பீடு ஒன்று உண்டு: புணேயின் மருத்துவர் யாஜ்னிக்கும், பிரிட்டனின் மருத்துவர் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடல்களுக்கு மேலைநாட்டு எடை அட்டவணைகள் தரும் நற்சான்றைக் கவனத்தோடு ஏற்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆயினும் திருத்திய அளவுகளை இட்டும், அதாவது 24.4 சதவீதமும், விசாரித்து உறுதி செய்த 1 புள்ளியும் இட்டும், சூத்திரம் 36.1 என்றுதான் சொன்னது. எல்லைக்கு மேலேதான். அப்படியிருக்க, பாதி ஏணியில் மூச்சு வாங்கியது ஏன்?

இருவருக்கும் படி ஏறும் சோதனை செய்தோம். 41.3 சென்டிமீட்டர் உயரப் பலகை, தாளக்கருவியில் நிமிடத்துக்கு 96 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குதல், மூன்று நிமிடம். நிறுத்திய 5ஆவது வினாடியிலிருந்து 20ஆவது வினாடி வரை நாடியை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஆண்களுக்கு 111.33இலிருந்து, நாடித்துடிப்பின் 0.42 மடங்கைக் கழித்தால் கணிப்பு கிடைக்கும். குவீன்ஸ் கல்லூரிச் சோதனை என்று பெயர் பெற்ற இதற்கு ஒரு பலகையும் கடிகாரமும் போதும். சோதனைக்கு முன் இருவருக்கும் இரத்த அழுத்தமும் இதய மின்வரைபடமும் பார்க்கப்பட்டன; அதைப் பார்க்காமல் யாரையும் பலகையில் ஏற்றக் கூடாது.

முதலாமவரின் நாடி 156, கணிப்பு 45.8. சோதனை முடிந்ததும் இயல்பாகப் பேசிக்கொண்டே இறங்கினார். இரண்டாமவரின் நாடி 184, கணிப்பு 34. இந்தச் சோதனையும் மதிப்பீடுதான், இதன் விடையும் 16 சதவீத அளவில் விலகலாம். ஆனால் 184 என்பது மதிப்பீடு அல்ல, கண்டறிந்த உண்மை. 29 வயதினருக்கு எதிர்பார்க்கும் உச்ச நாடி ஏறத்தாழ 188. மூன்று நிமிடப் படியேற்றத்தில் ஓர் இளைஞரின் இதயம் தன் உச்சத்தை நெருங்கிவிட்டது என்றால், அதற்கு மேல் கணக்குப் போடத் தேவையில்லை.

இங்கே ஒரு கணக்கு மட்டும் அவசியம். முதலாமவரின் மொத்த ஆக்சிஜன் பயன்பாடு நிமிடத்துக்கு 3.76 லிட்டர், அதைக் கொழுப்பற்ற 65.5 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 57 மில்லிலிட்டர். இரண்டாமவருக்கு 2.14 லிட்டர், கொழுப்பற்ற 47.6 கிலோவுக்குப் பங்கிட்டால் 45. குறைபாடு முழுவதும் கொழுப்பினால் என்றால் இந்த இரு எண்களும் அருகருகே இருக்க வேண்டும். இல்லை. அவருடைய தசைகளே, கிலோவுக்குக் கிலோ, குறைவான ஆக்சிஜனைப் பெறுகின்றன அல்லது பயன்படுத்துகின்றன. ஆகவே கொழுப்புக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று இரத்தம் பார்க்கப்பட்டது. ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 11.6 கிராம். ஆண்களுக்கு 13க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் உள்ளவரின் 100 மில்லிலிட்டர் இரத்தம் 20 மில்லிலிட்டர் கொண்டு போகும் இடத்தில், இவருடையது 15.5தான் கொண்டு போகும். இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது.

உடலின் கொழுப்பையும் தசையையும் எவ்வளவு துல்லியமாகப் பிரித்து அளந்தாலும் இரத்தத்தின் நிறம் அதில் தெரியாது. உடலமைப்பிலிருந்து உடல்திறனை ஊகிக்கும் முறைகளின் அடிப்படைக் குறை இதுவே: எரிபொருள் எங்கே சேர்ந்திருக்கிறது என்பதையும் எவ்வளவு தசை இருக்கிறது என்பதையும் அவை சொல்லும், இதயம், நுரையீரல், இரத்தம் ஆகியவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லா.

ஏணியின் கணக்கு

‘எடை கூடியவர் மேலே ஏறக் கஷ்டப்படுவார் அல்லவா’ என்பது நிறுவன மேற்பார்வையாளரின் கேள்வி. நியாயமான கேள்வி, கணக்காகவே பதில் சொன்னேன். 80 மீட்டர் கோபுரம், நிமிடத்துக்கு 8 மீட்டர் வேகம், பெல்ட், தலைக்கவசம், காலணி, கருவிப்பை சேர்த்து 12 கிலோ.

முதலாமவர் தூக்கிச் செல்வது 94 கிலோ. அதை அந்த வேகத்தில் உயர்த்த 123 வாட் வேண்டும். ஏணியேறும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் உயர்த்தும் வேலையாகிறது என்று கொண்டால், உடல் 615 வாட் எரிக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.9 கிலோஜூல் தரும் என்பதால் நிமிடத்துக்கு 1.77 லிட்டர், ஓய்வுத் தேவையும் சேர்த்து 2.05 லிட்டர். இது அவருடைய உச்சத் திறனில் 55 சதவீதம். இரண்டாமவர் தூக்குவது 75 கிலோதான், தேவை 1.63 லிட்டர், முதலாமவரைவிடக் குறைவே. ஆனால் அது அவருடைய உச்சத்தில் 76 சதவீதம். பத்து நிமிடம் முக்கால் பங்குத் திறனில் ஏறி, உச்சியில் நின்று போல்ட் முறுக்க வேண்டும், அதுவும் கொதிக்கும் கோபுரத்துக்குள். நாள் முழுவதற்குமான சராசரி உழைப்பு உச்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பணிசார் உடலியலில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்குள் இவருக்கு இடமே இல்லை. மேலே சக பணியாளர் மயங்கினால் இறக்க வேண்டியவரும் இவரே என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் கொழுப்புக்கு இடம் உண்டு. முதலாமவர் தசையை இழக்காமல் ஐந்து கிலோ கொழுப்பைக் குறைத்தால், ஒவ்வொரு ஏற்றத்திலும் ஐந்து கிலோவை 80 மீட்டர் தூக்காமல் தப்பிப்பார். முழங்காலும் நன்றி சொல்லும். வேறோர் இடத்தில் எடையே நேரடி எல்லையாகும்: விழுந்தால் தாங்கும் கயிறும் அதிர்வு தாங்கியும் பெரும்பாலும் 100 கிலோ எடையை வைத்தே சோதிக்கப்படுகின்றன. கருவிகளோடு அந்த எடையைத் தாண்டுபவரை, எத்தனை திறன் இருந்தாலும், அதற்கேற்ற தனி உபகரணம் இல்லாமல் ஏற்றக் கூடாது. முதலாமவரின் 94 கிலோ அதற்குள் அடங்கியது.

முடிவும் தொடர்கவனிப்பும்

முதலாமவருக்கு உயரப் பணிக்கான தகுதிச் சான்று கொடுக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அவருக்கு மேலேறும் பணிக்கான படித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. ஒப்பந்தப் பணியாளருக்கு அந்தப் படித்தொகை சம்பளத்தில் சிறிய பகுதியல்ல. அதை நிலுவையோடு வழங்க வேண்டும் என்று என் குறிப்பில் எழுதினேன்; நிறுவனம் வழங்கியது. மருத்துவக் குறிப்பில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தவறான அளவீட்டினால் ஒரு குடும்பத்தின் வருமானம் குறைந்தால் அந்த அளவீட்டின் விளைவும் மருத்துவப் பதிவின் பகுதிதான் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாமவர் ஏணியிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டு, ஊதியக் குறைப்பு இல்லாமல் கட்டுப்பாட்டு அறைப் பணிக்கு மாற்றப்பட்டார். அவருடைய இரத்தசோகை இரும்புச்சத்துக் குறைவினால் வந்தது; ஆண்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் குடலில் இரத்தக் கசிவு உண்டா என்று பார்த்தே தீர வேண்டும். அரசு மருத்துவமனையில் பார்க்கப்பட்டது, வேறு கசிவு இல்லை. குடலில் இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு இருந்தது. புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுக்கப்பட்டன. வள்ளியூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்; காலையில் சாப்பாடு இல்லை, பகலில் தேநீர் மேல் தேநீர், இரவில் புரோட்டாவும் சால்னாவும். மாத்திரையையும் உணவையும் ஒட்டித் தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேராது என்பதை விளக்கி, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னோம். சர்க்கரையைப் பொறுத்தவரை, இரும்புச்சத்துக் குறைவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால் அதை வைத்து முடிவு சொல்லாமல் வெறும் வயிற்று அளவையே தொடர்ந்தோம். படியேற்றப் பயிற்சி மெல்லத் தொடங்கியது: முதலில் தரைப்படியில், ஹீமோகுளோபின் 12.5ஐத் தாண்டிய பிறகு பழைய 30 மீட்டர் கோபுரம் ஒன்றில் துணையோடு.

நான்கு மாதங்களுக்குப் பிறகு ஹீமோகுளோபின் 13.6. எடை 62 கிலோ, பிஎம்ஐ 21.5, முன்பிருந்ததற்கும் இதற்கும் இடையே அட்டவணை எந்த வேறுபாட்டையும் காணாது. இடுப்பு 83. படிச் சோதனையில் நாடி 168, கணிப்பு 40.8. ஏணியின் தேவை அவருடைய உச்சத்தில் 76இலிருந்து 64 சதவீதமாக இறங்கியது. “இப்ப மேல போனா நெஞ்சு படபடங்கல டாக்டர், ஆனா கை அசந்துருது” என்றார். உண்மைதான்; கைப்பிடி வலிமை 34க்குத்தான் வந்திருந்தது. 80 மீட்டர் வரையிலான கோபுரங்களுக்கு மட்டும், இரண்டு மேடைகளில் கட்டாய ஓய்வுடன், மீட்புக் குழுவில் முதல் ஆளாக இல்லாமல் ஏறலாம் என்று சான்று கொடுக்கப்பட்டது.

நிறுவனத்திடம் நான் கேட்டுக்கொண்டவற்றில் முக்கியமானது முகாமின் வரிசை மாற்றம். கொழுப்பளவுக் கருவி இருக்கட்டும். அதன் எண்ணை இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றோடு சேர்த்து, நோய் அபாயத்தை அறியவும் ஆலோசனை சொல்லவும் பயன்படுத்தலாம். ஏணிக்கான தகுதி, ஹீமோகுளோபினும் இதய மின்வரைபடமும் பார்த்த பிறகு, பலகையில் ஏறிக் காட்டும் நாடியிலிருந்துதான் வர வேண்டும். எல்லைக்கு இருபுறமும் ஐந்து புள்ளிக்குள் வருபவரை ஒரே நாளில் தீர்ப்பிடாமல் மறுசோதனைக்கு அழைக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் செல்லும் தாளில் ‘ஏறலாம்’, ‘கட்டுப்பாட்டோடு ஏறலாம்’, ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்ற மூன்றில் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். ஒருவரின் கொழுப்புச் சதவீதம் அலுவலக அறிவிப்புப் பலகைக்கு வரக் கூடாது. இந்த முகாமில் அது வந்தது. சில இளைஞர்கள் அதனால் அடுத்த முகாமுக்கே வர மாட்டோம் என்றார்கள்.

படிவத்தின் கேள்வியும் மாற்றப்பட்டது. ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா’ என்பதற்குப் பதிலாக, கடந்த வாரத்தில் கபடி, கைப்பந்து, சைக்கிள் மிதித்தல், வயல் வேலை, கிணற்று வேலை, சுமை தூக்குதல் ஆகியவற்றில் எதை எத்தனை மணி நேரம், வியர்க்கும் அளவுக்குச் செய்தீர்கள் என்று இப்போது கேட்கப்படுகிறது. பதிலை எழுதுபவர் பணியாளரின் அருகில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். அடுத்த முகாம் தை மாதத்துக்கு முன்தள்ளப்பட்டிருக்கிறது. மறுசோதனைக்கு அழைக்கப்படுபவர்களுக்குப் பராமரிப்புப் பருவம் தொடங்கும் முன் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் சில வாரங்களேனும் கிடைக்கும்.